பெரியவனுக்கும் மடியில இடம் வேணுமாம்

கேள்வி: அக்கா, எங்களுக்கு குடியாத்தம். பெரியவனுக்கு மூணு வயசு, பாப்பா பொறந்து 40 நாள் ஆவுது. பால் குடுக்க உக்காந்தாலே பெரியவன் எனக்கும் வேணும்னு அழுவுறான், நேத்து பாப்பா கால கிள்ளிட்டான். மாமியார் பால் பத்தல, பவுடர் பால் குடு, வெயிலுக்கு தண்ணியும் குடுன்றாங்க. இன்னா பண்றது?

பதில்: கிள்ளினதுக்கு அவன ரெண்டு போட்டிருப்ப. உன்ன குத்தம் சொல்ல மாட்டேன் தங்கச்சி, நானும் போட்டவதான். என் பெரியவ தம்பியோட தொப்பிய அரிசி ட்ரம்முல பொதச்சி வெச்சிட்டா, ரெண்டு நாள் வீடு பூரா தேடிகினு இருந்தோம், சோறாக்க அரிசி அளக்கசொல்ல படியில வந்துச்சி.

பச்ச கொழந்த ஒரு நாளைக்கு 8லேர்ந்து 12 வாட்டி குடிக்கும். அத்தினி வாட்டியும் நீ பெரியவன "அப்பால போடா"ன்ற, எண்ணி பாரு. மூணு வருஷமா அவன் உக்காந்த மடிடா அது, கிள்ளாம இன்னா பண்ணுவான்.

கட்டிலு, சேரு வேணாம், தரையில பாய போட்டு சொவத்துல சாஞ்சிக்கோ, அவன் மேல வந்து சாஞ்சாலும் பாப்பா கீழ விழாது. ஒரு பழைய டிபன் பாக்ஸ்ல உன் பழைய வளையல், பாட்டில் மூடி, கிரேயான், ஒரு சின்ன வாழைப்பழம்னு போட்டு வையி. பாப்பா குடிக்கசொல்ல மட்டும்தான் அது தொறக்கணும், முடிஞ்சதும் பரண் மேல. நாலு நாள்ல "பாப்பாக்கு பசிக்குதும்மா"ன்னு அவனே வந்து நிப்பான். பால் கேட்டா ஒரு வாட்டி குடேன், தப்பே இல்ல, பாப்பா குடிச்ச அப்புறமா. முக்காவாசி புள்ளைங்க நக்கி பாத்துட்டு ஓடிடும். ஆனா ரெண்டு பேரையும் தனியா வுட்டுட்டு பாத்ரூம் கூட போவாத.

மாமியார்கிட்ட சண்ட போடாத. பாப்பா நாளைக்கு ஆறு வாட்டிக்கு மேல ஒண்ணுக்கு போய், எடையும் ஏறிகினு இருந்தா பால் பத்துதுன்னு அர்த்தம், கொறஞ்சாலோ பால் குடிக்காம தூங்கி தூங்கி வழிஞ்சாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டு. பவுடர் போட்டா பாப்பா உன்கிட்ட குடிக்கறது கொறையும், குடிக்க குடிக்கத்தான் பால் ஊறும். தண்ணி ஆறு மாசம் வரைக்கும் வேணாம், நம்ம வேலூர் வெயில்ல கூட, தாய்ப்பால்ல முக்காவாசிக்கு மேல தண்ணிதான். அந்த சொம்பு தண்ணிய நீ குடி.

சாயந்தரம் ஆறு மணிக்கு மேல பாப்பா வுடாம குடிச்சிகினே இருக்கும், அந்த நேரம்தான் பெரியவனுக்கும் சோறு, தூக்கம், எல்லாம். அப்போ அவன அப்பாவோட கடைக்கு அனுப்புன்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அதுல இஷ்டமில்ல, தொரத்திட்டாங்கன்னு தான் நெனப்பான். பாப்பா குடிச்சி முடிச்சதும் ஏப்பம் வுட வீட்டுக்காரர் தோள்ல போட்டுட்டு, நீ பத்து நிமிஷம் பெரியவன மடியில வெச்சி ரசஞ்சோறு ஊட்டு, பாப்பா பேச்சையே எடுக்காத.