சூலகம் நீக்கிய எலி ஏன் பருக்கிறது?

கேள்வி: பெண் எலியின் சூலகத்தை அகற்றினால் அதன் எடை கூடிவிடுகிறது என்று படித்தேன். ஹார்மோனுக்கும் பசிக்கும் என்ன தொடர்பு?

பதில்: தாங்கள் படித்தது சரியே. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் உணவின் அளவுக்குக் கடிவாளம் இடுகிறது. 4 அல்லது 5 நாள்களில் முடியும் எலியின் இனப்பெருக்கச் சுழற்சியில், அந்த ஹார்மோன் உச்சம் தொட்டபின் வரும் இரவில் எலி மற்ற இரவுகளைவிடக் குறைவாகவே உண்கிறது. நுட்பமான செய்தி என்னவென்றால், உண்ணும் தடவைகள் குறைவதில்லை, ஒவ்வொரு தடவையும் உண்ணும் அளவுதான் சுருங்குகிறது. சிறுகுடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன், ‘போதும்’ என்று மூளைக்கு அனுப்பும் சமிக்ஞையை ஈஸ்ட்ரடையால் வலுப்படுத்துவது இதற்கான காரணங்களுள் ஒன்று.

சூலகத்தை அகற்றியதும் எலி மிகுதியாக உண்டு பருக்கிறது. சில வாரங்களில் உணவின் அளவு பழைய நிலையை நெருங்கினாலும், ஏறிய எடை இறங்குவதில்லை. ஈஸ்ட்ரடையாலைத் திரும்பக் கொடுத்தால் இரண்டும் இயல்புக்கு வருகின்றன. சூலகத்தின் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை மட்டும் இயல்பான அளவில் கொடுத்தால் பெரிய மாற்றம் இல்லை. ஆயினும் எல்லாப் பழியையும் வயிற்றின் மீது போடுவது நியாயமன்று: மூளையிலுள்ள ஹைப்போதலாமஸின் ஒரு பகுதியில், ஈஸ்ட்ரோஜனின் சமிக்ஞையை வாங்கும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவை நீக்கிய பெண் சுண்டெலிகள், கூடுதலாக உண்ணாமலேயே, ஆற்றலைக் குறைவாகச் செலவிட்டுப் பருத்தன.