பயமில்லாதவன் எதற்குக் குறி கேட்கிறான்?

அன்புள்ள ஐயா,

மெட்ரிக் தேர்வுக்கு ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ படிக்கிறேன். “கோழைகள் சாவுக்கு முன்பே பலமுறை சாகிறார்கள்” என்ற வரியை, சீசர் அஞ்சாதவர் என்பதற்குச் சான்றாகக் கைடில் போட்டிருக்கிறார்கள். குணங்களையும் உருவகங்களையும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் போதுமா? தமிழ் மொழிபெயர்ப்பில் படிக்கலாமா?

ஒரு மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மகளுக்கு,

மொழிபெயர்ப்பைத் தாராளமாகப் படி. மதிப்பெண் விஷயத்தை உன் டீச்சரிடம் கேட்டுக்கொள். ஆனால் அந்தக் கைடை முதலில் தூக்கி ஓரமாக வை. கோபமாகத்தான் சொல்கிறேன். ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதே வரிதான்.

இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியை முழுசாகப் படித்தாயா? அந்த வரியைச் சொல்லும் முன்பே, பலி கொடுத்துக் குறி கேட்டுவரச் சொல்லிப் பூசாரிகளிடம் ஆள் அனுப்பிவிடுகிறான் சீசர். பயமில்லாதவன் எதற்குக் குறி கேட்கிறான்? அறுத்த விலங்குக்குள் இதயமே இல்லை என்று சேதி வருகிறது. உடனே பேச்சு பெரிதாகிறது. ஆபத்தும் நானும் ஒரே நாளில் பிறந்த இரண்டு சிங்கங்கள், மூத்தவன் நான், கொடியவன் நான் என்கிறான். தன்னையே யாரோ போல ‘சீசர்’, ‘சீசர்’ என்கிறான். வெளியே போகவேண்டாம் என்று மனைவி கல்பூர்னியா மண்டியிட்டதும் வீட்டிலேயே இருந்துவிடச் சம்மதம். கொலைச் சதிகாரர்களில் ஒருவனான டீசியஸ் வந்து, அவள் கண்ட கெட்ட கனவுக்கு நல்ல பலன் சொன்னதும் சாகக் கிளம்பிவிடுகிறான். அந்தச் சிங்கத்துக்கு அடியில் ‘உருவகம்’ என்று கோடு போட்டுவிட்டு நகர்ந்தால், பயந்துபோன ஒரு மனிதனைப் பார்க்காமலே போய்விடுவாய்.

என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுவார். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்கிறார்களே, அதுதான். “ஏன் தாத்தா இப்படிக் கத்துறான்?” என்று ஒருமுறை கேட்டேன். “உள்ளே நடுங்குது, அதான்” என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. சீசரைப் படிக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம், ராபன் தீவுச் சிறையில் கைதியாக இருந்த நம் டர்பன்காரர் சன்னி வெங்கட்ரத்தினம், தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி மறைத்து வைத்திருந்த ஷேக்ஸ்பியர் புத்தகம். 1977 டிசம்பர் 16 அன்று மண்டேலா அந்தப் புத்தகத்தில் இதே வரிக்குப் பக்கத்தில்தான் கையெழுத்துப் போட்டார். அங்கே கர்ஜனை கிடையாது. 13 வருடமாக அந்தத் தீவில் அடைபட்டவர் தனக்கென்று பொறுக்கி எடுத்த வரி அது. வாய் மாறியதும் வரியும் மாறிவிட்டது.

இன்றைக்கு ராத்திரி அந்தக் காட்சியைச் சத்தம் போட்டுப் படி. கல்பூர்னியாவை அம்மா படிக்கட்டும்.