அழுகை வராததும் ‘கிச்சன்’ நாவலும்

அம்மா போய் நான்கு மாதமாகியும் கண்ணீர் வரவில்லை, ஆறுதல் சொல்லும் புத்தகங்களைத் திறந்தாலே எரிச்சலாக இருக்கிறது, ஜப்பானிய நாவல் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பனானா யோஷிமோட்டோவின் ‘கிச்சன்’ படியுங்கள். 1988இல் வந்த சின்னப் புத்தகம். பெற்றோரை முன்பே இழந்த இளம்பெண் மிகாகே, பாட்டியும் இறந்தபிறகு தனியாகிவிடுகிறாள். அவளுக்கும் சரியாக அழ வரவில்லை. ஃபிரிட்ஜின் ரீங்காரம் துணையாக இருப்பதால் சமையலறையிலேயே படுத்துத் தூங்குகிறாள். ஒருநாள் பேருந்தில் ஒரு சிறுமியையும் அவள் பாட்டியையும் பார்க்கிறாள். தன்னையறியாமல் கண்ணீர் வழிகிறது. இறங்கி, இருட்டுச் சந்தில் நின்று அழுகிறாள். தலைக்கு மேலே ஒரு ஜன்னலிலிருந்து ஆவி வருகிறது, பாத்திரச் சத்தம் கேட்கிறது. அதுவும் ஒரு சமையலறைதான். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அவள் சமையலையே தொழிலாக்கிக்கொள்கிறாள். தன்னை வீட்டில் தங்கவைத்த நண்பன் யூயிச்சி துக்கத்தில் ஒடுங்கிப்போனபோது அவனுக்காக, இரவில் டாக்ஸி பிடித்து கட்சுடான் கொண்டுபோகிறாள். பன்றி இறைச்சி வறுவலும் முட்டையும் போட்ட சோறு அது. அறிவுரை எதுவும் சொல்வதில்லை, சாப்பாடு மட்டும்தான்.

ஒன்று: நடுவில் இன்னொரு மரணம் வரும், கொடூரமானது. அங்கே தாங்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை.