வயதுக்குச் சான்றிதழ் இருக்கிறது, உரிமைக்கு?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பிரஸ்ஸல்ஸில் உள்ள பழம்பொருள் வியாபாரி ஒருவர், சீனாவின் ஷாங் அரசமரபுக் காலத்து (சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய) வெண்கல மதுப் பாத்திரம் ஒன்றை 38,000 டாலருக்குத் தருகிறார். சடங்குகளில் பயன்பட்ட, மூன்று கால்களுள்ள 'ஜுவே'. ஆய்வகச் சான்றிதழும், '1920களில் ஷாங்காயில் வாங்கியது' என்ற பழுப்பேறிய சீட்டும் இருக்கின்றன. 'உலோகக் கைவினைப் பொருள்' என்று எழுதி அனுப்புவதாக மின்னஞ்சலில் சொல்கிறார். 4,000 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.

ஆய்வகம் பாத்திரத்தின் வயதைச் சொல்லும். அது யாருடையது என்று சொல்லாது. பாத்திரம் போலி என்றால் பணத்தோடு போயிற்று. அசலாக இருந்தால்தான் சட்டம் உங்கள் வாசலுக்கு வரும். ஷாங் வெண்கலங்கள் பெரும்பாலும் கல்லறைகளில் கிடைப்பவை. மண்ணுக்கடியில் உள்ள தொல்பொருள்கள் அரசின் சொத்து என்கிறது சீனாவின் 1982ஆம் ஆண்டுச் சட்டம். அதன்பின் எவரோ இரவோடு இரவாகத் தோண்டியெடுத்தது என்றால், பத்துக் கை மாறினாலும் அது திருட்டுப் பொருளே. தொலைந்த கலைப்பொருள்களின் பதிவேட்டில் இல்லை என்று வியாபாரி சொன்னாலும் மயங்காதீர்கள். மண்ணுக்குள் கிடந்ததை யார் பதிவு செய்திருப்பார்கள்?

இறக்குமதித் தடை வேறு இருக்கிறது. 2009 ஜனவரி 14 அன்று சீனாவுடன் அமெரிக்கா ஒப்பந்தம் செய்துகொண்டது. தாங் அரசமரபு முடிந்த கி.பி. 907 வரையிலான வெண்கலங்கள் அதில் அடங்கும். சீன அரசின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். இல்லையேல், தடைக்கு முன்பே சீனாவை விட்டு வெளியேறியது என்று காட்ட வேண்டும். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் முன்பு வெளியேறியது என்று சத்தியப் பிரமாணம் அளிக்கும் வழியும் உண்டு. அதற்கு நீங்கள் வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பிரஸ்ஸல்ஸிலிருந்து வருவதால் தடை விலகிவிடாது.

அந்தச் சீட்டைப் படித்ததும் எனக்கு நியூயார்க் வியாபாரி ஃபிரெடரிக் ஷுல்ட்ஸ் வழக்குதான் நினைவுக்கு வந்தது. எகிப்திலிருந்து கடத்திய தொல்பொருள்களுக்கு 1920களின் பழைய சேகரிப்பு என்று ஒரு கதை கட்டி, தேயிலைச் சாயமேற்றிய சீட்டுகளை ஒட்டியிருந்தார்கள். அவருக்கு 33 மாதச் சிறை; 2003இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது.

'கைவினைப் பொருள்' என்ற யோசனைக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. சுங்கத்துறையிடம் பொய் சொல்வது தனிக் குற்றம். நீங்கள் சம்மதித்துப் பதில் எழுதினால், தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அவருடைய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

இதே பாத்திரத்தின் படம் உள்ள பழைய ஏலப் பட்டியல், அன்றைய ரசீது, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால், தொல்பொருள் வழக்குகளில் பழகிய உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். கொடுக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பொய் விவரம் எழுதி அனுப்ப அவர் முன்வந்ததே ஒப்பந்தத்திலிருந்து விலகப் போதிய காரணம். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் இன்றே ஆட்சேபம் தெரிவியுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.