ஆஸ்திரேலியாவின் மேற்கு மக்டொனல் தேசியப் பூங்காவை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட முடியுமா? அங்கே குளிக்கலாமா?

முடியும். நாங்களும் ஒரே நாளில்தான் பார்த்தோம். மறுநாள் விடிந்ததும் அதே சாலையில் திரும்பவும் வண்டியை விட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அடிலெய்டில். ஜூலை விடுமுறைக்கு, அதாவது அங்கே குளிர்காலத்தில், நாட்டின் நடுவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனோம்: நான், மனைவி, மச்சான். அந்த ஊருக்கு மேற்கே மலைத்தொடர் ஒன்று கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதுதான் இந்தப் பூங்கா. அந்த மண்ணுக்குரிய அரெண்டா மக்கள் வைத்த பெயர் ஜோரிட்ஜா. வேடிக்கை என்னவென்றால், அங்குள்ள ஆறுகள் மலையைச் சுற்றிப் போகவில்லை. குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே போகின்றன. அறுத்த இடமெல்லாம் செங்குத்தான சிவப்புப் பாறை இடுக்கு. ஆறு என்றதும் தண்ணீரை நினைத்துவிடாதீர்கள், வருடத்தில் பெரும்பாலும் வெறும் மணல்தான். இடுக்கின் நிழலில் இருக்கும் மடுக்களில் மட்டும் தண்ணீர் வற்றாமல் தங்கிவிடுகிறது. சுற்றுவட்டாரத்துப் பறவைகளும், சின்னக் கங்காரு மாதிரி இருக்கும் வாலபிகளும் அதை நம்பித்தான் பிழைக்கின்றன.

முதல் நாள் ஓட்டமோ ஓட்டம். ஊரிலிருந்து 18 கிலோமீட்டரில் சிம்சன்ஸ் கேப் என்ற இடுக்கு. காலை வெயிலுக்குப் பாறை வாலபிகள் வெளியே வந்து உட்கார்ந்திருந்தன. ஊரிலிருந்து 50 கிலோமீட்டரில் ஸ்டாண்ட்லி கேஸம் (Standley Chasm) என்ற குறுகலான பாறைப் பிளவு. இது பழங்குடி மக்களுக்குச் சொந்தமான இடம், அதனால் தனிக் கட்டணம். உச்சி வெயில் உள்ளே இறங்கும்போது இரண்டு பக்கச் சுவரும் தணல் போல ஆகிவிடும். அதற்காகவே கூட்டம் பன்னிரண்டு மணிக்குக் காத்திருக்கிறது. நாங்களும் நின்றோம், படம் எடுத்தோம், கிளம்பினோம்.

அடுத்தது எல்லரி கிரீக் பிக் ஹோல் என்ற மடு. குளிக்கலாமா என்று கேட்டீர்களே, இங்கே குளிக்கலாம். ஆனால் மச்சானின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த ஆள் அவன். அங்கே குளிர்கால இரவில் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே போகும். மடுவோ ஆழமானது, பாதி நேரம் நிழலில் கிடப்பது. நாங்கள் சொல்லச் சொல்ல, ஓடிப்போய்க் குதித்தான். மேலே வந்தவனுக்கு வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அப்புறம் அரை மணி நேரம் காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார வைத்தோம். சிரிப்பாக இருந்தாலும் விஷயம் ஆபத்தானது: கோடையில்கூட மேல்மட்டத் தண்ணீர்தான் வெதுவெதுப்பு, கொஞ்சம் கீழே போனால் உறையவைக்கும். கரையோரமாக மெல்ல இறங்குங்கள்.

இந்தக் கூத்தில் நேரம் போய், 135 கிலோமீட்டரில் உள்ள ஆர்மிஸ்டன் இடுக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. பாறை மேல் வெள்ளைத் தண்டோடு ஒரு கோஸ்ட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரம். அரெண்டா ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா நீர்வண்ணத்தில் வரைந்து வரைந்து உலகத்துக்குக் காட்டிய நிலம் இதுதான். அந்தச் சாலைக்கும் அவர் பெயர்தான். பத்தே நிமிடத்தில் கிளம்ப மனசு வரவில்லை. இருட்டில் கங்காரு குறுக்கே வரும் என்ற பயத்தில்தான் கிளம்பினோம்.

மறுநாள் வேறெங்கும் நிற்காமல் நேராக ஆர்மிஸ்டன். அங்கே பவுண்ட் நடை என்று ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது, சுமார் 9 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். மேடேறி இறங்கினால் நாலாபுறமும் மலை சூழ்ந்த பெரிய தட்டு மாதிரி சமவெளி. ஸ்பினிஃபெக்ஸ் புல் பார்க்கப் பஞ்சு போல இருக்கும், தொட்டால் ஊசி. முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். 220 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் லாராபிண்டா நடைபாதையும் இந்தப் பூங்காவுக்குள்தான் போகிறது, அது வேறு ஆட்களுக்கு.

நீங்கள் போவதென்றால் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த மாநிலமான நார்தர்ன் டெரிட்டரிக்கு வெளியே வசிப்பவர்கள் பூங்கா பாஸை இணையத்தில் முன்பே வாங்கிவிட வேண்டும். வழியில் பல இடங்களில் போன் எடுக்காது. தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் மற்றதை விட்டுவிட்டு ஆர்மிஸ்டன் மட்டும் போவேன் நான்.

அந்தச் சுற்றுப்பாதை கடைசியில் இடுக்கு வழியாகத்தான் திரும்புகிறது. தண்ணீர் அதிகமிருந்தால் இறங்கித்தான் கடக்க வேண்டும். எங்களுக்கு முழங்கால் அளவு. நானும் மனைவியும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நடந்தோம். மச்சான் மட்டும் பாறைக்குப் பாறை தாவி, ஒரு சொட்டு மேலே படாமல் கரை சேர்ந்தான்.