விலையைக் கேட்டீர்களா? – ஒரு மாலைக் கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புக்காகத் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எழுந்தவள் நான். பண்பாடு, பொருளாதார வளர்ச்சி, மக்கள் பொருள் வாங்கும் விதம் ஆகிய மூன்றும் உரசிக்கொள்ளும் இடத்தில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மேலாண்மை மாணவர், மதுரை: அம்மா, ஆய்வேட்டுக்கு, நாடுகளின் பண்பாட்டை மதிப்பெண்ணால் அளக்கும் ஹாஃப்ஸ்டீட் அளவுகோலை எடுத்திருக்கிறேன். இந்தியாவின் மதிப்பெண்களை வைத்து, மதுரை மக்கள் இணையத்தில் பொருள் வாங்க ஏன் தயங்குகிறார்கள் என்று விளக்கலாமா?

விளக்கக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்று மாலை இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வரும் என்பது எனக்குத் தெரியும்.

ஹாஃப்ஸ்டீட் பயன்படுத்தியது ஐபிஎம் கம்பெனி தன் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்துக்கணிப்பு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்கள். மேலதிகாரியிடம் மாற்றுக் கருத்தைச் சொல்ல ஊழியர்கள் எத்தனை முறை அஞ்சுகிறார்கள் என்பது போன்ற கேள்விகளிலிருந்து 'அதிகார இடைவெளி' பிறந்தது, அதாவது மேல் கீழ் என்ற வேறுபாட்டை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவு. அதில் இந்தியாவுக்கு 77. 'தனிமனிதப் போக்கு' 48, அதாவது ஏறக்குறைய நடுவில். கூட்டுக் குடும்பம், கூட்டு வாழ்வு என்று மேடையில் முழங்குபவர்கள் அந்த 48-ஐ எப்போதும் விழுங்கிவிடுவார்கள்.

மொத்தம் லட்சத்தைத் தாண்டினாலும் நாடு வாரியாகப் பிரித்தால் கதை வேறு. ஆய்வாளர் மெக்ஸ்வீனி 2002-இல் எழுதிய விமர்சனத்தைப் படியுங்கள். ஆயிரம் பேருக்கு மேல் பதில் சொன்ன நாடுகள் ஆறே ஆறு. பாகிஸ்தானில் முதல் சுற்றில் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர். ஒரு கல்யாணப் பந்தியில் இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

இன்னொன்று: அந்த எண்கள் நாட்டின் சராசரி. அதைத் தனி மனிதர் தலையில் வைக்கக் கூடாது என்று ஹாஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். 1978-இல் இந்தியாவைவிட்டே வெளியேறிய ஒரு கம்பெனியின் ஊழியர்கள் தங்கள் மேலாளரைப் பற்றிச் சொன்னதை வைத்துக்கொண்டு, இன்று மேலமாசி வீதியில் செருப்பு வாங்குபவரை எப்படி விளக்குவீர்கள்? செருப்பு பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கிறார்களா, பார்சல் கொண்டுவருபவர் சந்துக்குள் வருகிறாரா, கடைக்காரர் தரும் கடனை இணையம் தருமா என்று கேளுங்கள். பண்பாடு என்று எழுதும் முன் விலையையும் கடனையும் வழியையும் கேட்டுவிடுங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

இல்லத்தரசி, கும்பகோணம்: நம் பெண்களுக்கு ஏன் இத்தனை நகை ஆசை? இது பண்பாடுதானே?

அதற்கு ஆசை என்று பெயர் வைத்தவர்கள் ஆண்கள். ஒரு பெண்ணுக்கு நிலம் அவள் பெயரில் இல்லை, வீடு அவள் பெயரில் இல்லை, வங்கிக் கணக்கு கணவன் கையில். அவளுக்கென்று எது மிஞ்சியது? காதிலும் கழுத்திலும் இருப்பதுதான். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் வந்ததே 1989-இல். நாடு முழுவதற்கும் 2005-இல். சட்டம் வந்த பிறகும் 'அண்ணனுக்கு விட்டுக்கொடு' என்ற வழக்கம் போகவில்லை.

நகையின் அருமை அடகுக் கடை வாசலில்தான் தெரியும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, அரை மணி நேரத்தில் கையில் பணம். பள்ளிக் கட்டணத்துக்காக ஜூன் மாதம் உள்ளே போகும் வளையல், அறுவடைக்குப் பின் வெளியே வரும். ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017-இல் தந்த அறிக்கைப்படி, இந்தியக் குடும்பங்களின் சொத்தில் சுமார் 77 விழுக்காடு வீடும் நிலமும், 11 விழுக்காடு தங்கம், நிதிச் சேமிப்பு வெறும் 5 விழுக்காடு.

அட்சய திருதியைக் கூட்டத்தைப் பண்பாடு என்று சொல்லாதீர்கள். என் சிறு வயதில் அந்த நாளில் தயிர்சாதம் தானம் செய்தார்கள், நகைக்கடை வாசலில் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

வாசகர், திருச்சி: தங்கப் பத்திரம் வாங்கலாமா, நகையாக வாங்கலாமா?

முதல் பத்தியைப் படிக்கவில்லையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: புராட்டஸ்டண்ட் நாடுகள் உழைப்பால் உயர்ந்தன, கர்ம வினையை நம்பியதால் நாம் பின்தங்கினோம் என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா, அம்மா?

வெபர் சொன்னது இதைவிடச் சிக்கலானது, ஐயா. ஆனால் அவர் பெயரால் ஊரில் உலவுவது நீங்கள் சொன்னதுதான், அதற்கே பதில் சொல்கிறேன்.

1964-இல் சிகாகோ பல்கலைக்கழக மானிடவியலாளர் மில்டன் சிங்கர் சென்னைக்கு வந்து, இங்கே தொழில் நடத்திய 19 தொழிலதிபர்களிடம் உட்கார்ந்து பேசினார். கர்மம், தர்மம் எல்லாம் அவர்களுக்கு எங்கே இடித்தது? எங்கும் இடிக்கவில்லை. வீட்டுக்குள் ஆசாரம், ஆலைக்குள் இயந்திரம், இரண்டுக்கும் தனித்தனி அறை. நீண்ட பூஜையைப் புரோகிதரிடமும் மனைவியிடமும் ஒப்படைத்துவிட்டார்கள். ஆக, புண்ணியத்தைக்கூட வேலை பிரித்துக் கொடுத்த நிர்வாகிகள்!

புராட்டஸ்டண்ட் பக்கத்துக்கும் வருவோம். பொருளாதார அறிஞர்கள் பேக்கர், வோஸ்மன் இருவரும் ஜெர்மானிய அரசான 19-ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை எடுத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் செழித்திருந்தன, சரி. ஆனால் புராட்டஸ்டண்ட் பிரிவைத் தொடங்கிவைத்த லூதர், எல்லோரும் பைபிளைத் தாங்களே படிக்க வேண்டும் என்றதால் அங்கே எழுத்தறிவு கூடியது. அந்த எழுத்தறிவைக் கணக்கில் சேர்த்தால் மிச்சம் விளக்க ஒன்றும் பெரிதாக இல்லை. நாகர்கோவில்காரரான உங்களுக்கு மிஷன் பள்ளியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நம் ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. ஆண்டுக்கு மூன்றரை விழுக்காட்டிலேயே நின்ற வளர்ச்சியைப் பொருளாதார அறிஞர் ராஜ் கிருஷ்ணா 1978-இல் 'இந்து வளர்ச்சி வீதம்' என்று கேலியாகச் சொன்னார். எண்பதுகளுக்குப் பிறகு வீதம் ஏறியது. யாராவது மதம் மாறினார்களா? சபரிமலைக்குக் கூட்டம் குறைந்ததா? சீனா ஏழையாக இருந்தபோது கன்பூசியஸ் காரணம், பணக்கார நாடானபோதும் கன்பூசியஸ் காரணம். சிட்னி குலிக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1903-இல் எழுதிய நூலில், ஜப்பானியர் பலர் சோம்பேறிகளாகத் தோன்றுவதாகக் குறித்திருக்கிறார். ஜப்பானியரை!

மாணவி, கோவை: ஹாஃப்ஸ்டீட் மதிப்பெண்களை வைத்து கோவை வாடிக்கையாளர்களை...

மதுரை மாணவருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தொண்டு நிறுவன ஊழியர், தர்மபுரி: சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்கள் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் கடன் வாங்குகிறார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியும் பயனில்லை.

கூட்டத்துக்கு வந்தவர்கள் உங்களைவிட நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்கள், அதனால்தான் பயனில்லை. பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டுஃப்லோ இருவரும் ராஜஸ்தானின் உதய்பூரில் கடும் வறுமையில் இருந்த குடும்பங்களைப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குடும்பங்கள் அந்த ஆண்டில் கல்யாணம், சாவு, திருவிழா என ஏதோ ஒன்றுக்குச் செலவழித்திருந்தன. அதே ஆய்வில், வானொலியும் தொலைக்காட்சியும் ஓரளவு இருந்த நிகராகுவாவின் ஏழைகள் திருவிழாவுக்கு ஏறக்குறைய எதுவும் செலவிடவில்லை. மகிழ்ச்சிக்கும் ஒரு கடை வேண்டும். எது பக்கத்தில் திறந்திருக்கிறதோ அங்கே போகிறார்கள்.

மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒருவர் இருபது வருட நோட்டுகளைப் பரணில் வைத்திருக்கிறார், யாருக்கு எவ்வளவு என்று மை மாறாமல். காதுகுத்து என்பது அந்த நோட்டை வசூலிக்கும் நாள். நீங்கள் வீண்செலவு என்கிறீர்கள், அவருக்கு அது சீட்டு முதிர்வு.

பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்: எல்லாவற்றையும் விலை, கடன் என்றே சொல்கிறீர்கள். கொங்கு மக்களின் உழைப்புக் குணம் இல்லாவிட்டால் திருப்பூர் ஏது? காவிரித் தண்ணீர் வாய்த்தும் தஞ்சாவூரில் ஏன் ஒரு திருப்பூர் எழவில்லை?

உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அதே பானர்ஜியும் இன்னொரு பொருளாதார அறிஞர் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். உள்ளூர்ச் சமூகத்தார் ஒரு பக்கம், வெளியூரிலிருந்து வந்தவர்கள் மறுபக்கம். உள்ளூர்க்காரர்களிடம் மூலதனம் மிக அதிகம். வெளியூர்க்காரர்கள் சின்னதாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் ஏற்றுமதியில் அவர்களை முந்தினார்கள். திறமையை மட்டும் வைத்துப் பணம் போயிருந்தால், கூடுதல் மூலதனம் வெளியூர்க்காரர்களிடம் அல்லவா போயிருக்க வேண்டும்? போகவில்லை. மாமன், மச்சான், பங்காளி வழியாகத்தான் பணம் ஓடியது. உழைப்புக் குணம் என்று நீங்கள் சொல்வதில் பாதி, யார் யாருக்குக் கடன் கொடுப்பார்கள் என்பது.

விவசாயி, மன்னார்குடி: திருப்பூர்க்காரருக்கு நானே பதில் சொல்கிறேன். நெல் விவசாயம் ஒற்றுமையைக் கற்றுக்கொடுக்கும் என்று சீனாவில் நிரூபித்திருக்கிறார்கள். நாங்கள் பணத்துக்குப் பின்னால் ஓடாமல் இருந்தது குறையா?

ஆஹா, இதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்வது உளவியலாளர் டால்ஹெல்ம் குழுவின் ஆய்வு, 2014. வாய்க்கால் நீரைப் பங்கிட்டு, ஒருவர் வயலில் மற்றவர் முறைவைத்து நடவு செய்ததால் தென்சீன நெல் பகுதிக்காரர்கள் கூட்டாக யோசிக்கிறார்கள், வடக்கின் கோதுமைக்காரர்கள் தனித்தனியாக யோசிக்கிறார்கள் என்பது வாதம். 2018-இல் அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளில் இரண்டு நாற்காலிகளை நகர்த்திப் பாதையை மறித்து வைத்தார்கள். கோதுமை ஊர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார்கள். நெல் ஊர்களில் ஆறு பேர்தான். மற்றவர்கள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடுவே நுழைந்தார்கள்.

2024-இல் சீனாவின் நிங்சியா தன்னாட்சிப் பகுதியின் அரசுப் பண்ணைகளை வைத்து வந்த ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. அங்கே யார் நெல், யார் கோதுமை என்பதை அரசே ஒதுக்கியது, ஆட்கள் தேர்ந்துகொள்ளவில்லை. இங்கே பண்பாட்டுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஆனால் மன்னார்குடிக்கு அது ஒட்டாது. அந்த வாதம் சின்னச் சின்ன உழவர்கள் ஒருவர் வயலில் ஒருவர் இறங்குவதைப் பற்றியது. நம் டெல்டாவில் மிராசுதார் வரப்பில் நின்றார், பண்ணையாள் சேற்றில் நின்றார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல் தகராறு. ஒற்றுமை என்ற சொல்லை அந்த மண்ணில் பயன்படுத்தும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்துங்கள்.

வாசகர், சென்னை: அப்படியானால் பண்பாடு என்று ஒன்றுமே இல்லையா, மேடம்?

இப்போதுதான் ஒரு மதிப்பெண் கொடுத்தேன்! இன்னொன்றும் தருகிறேன். நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் வண்டியைத் தவறாக நிறுத்தினாலும் 2002 வரை அபராதம் கட்டத் தேவையில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதாவது இல்லை. பொருளாதார அறிஞர்கள் ஃபிஸ்மனும் மிகெலும் கணக்கெடுத்தார்கள். குவைத் தூதர்கள் தலைக்கு ஆண்டுக்கு 246 மீறல்கள், நார்வே, ஸ்வீடன் தூதர்கள் பூஜ்யம். ஊர்ப் பழக்கம் விமானம் ஏறி வந்திருக்கிறது. ஆனால் 2002-இல் நகராட்சி நம்பர் பிளேட்டைப் பிடுங்க அதிகாரம் பெற்றதும் மீறல் 98 விழுக்காடு குறைந்தது. நம்பர் பிளேட்டையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆராய்ச்சி மாணவர், விழுப்புரம்: கூகுள் படிவத்தில் 200 பேரிடம் செலவுப் பழக்கம் கேட்கலாமா?

கேட்கலாம், பொய் வரும். உங்கள் மாவட்டத்திலேயே ஒரு பாட்டியிடம் போன மாதம் வெளியே வாங்கிச் சாப்பிட்ட செலவு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த பேரன், 'ஆயா, சாயங்காலம் சாப்பிடும் போண்டாவைச் சொல்லவில்லையே' என்றான். பாட்டி அவனை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் போண்டாவுக்குத்தான் இப்போது நாட்டுக் கணக்கில் இடம். 2022-23 கணக்கெடுப்பில் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 46 விழுக்காடாக இறங்கியது. தானியத்துக்கு ஐந்து விழுக்காடுகூட இல்லை, பானமும் பதப்படுத்திய உணவும் சேர்ந்து ஒன்பதரைக்கு மேல். ஒரே நாளில் எல்லாம் கேட்டால் சலிப்பார்கள் என்று மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். படிவம் தூணைச் சுற்றாது.

மாணவர், சேலம்: ஹாஃப்ஸ்டீட்...

வேண்டாம், தம்பி.

பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்: கடைசியாக ஒன்று. 1985-இல் என் அப்பா நான்கு தையல் இயந்திரங்களோடு தொடங்கியபோது வங்கிக்குப் போகவில்லை. பெரியப்பாவும் தாய்மாமனும் கொடுத்தார்கள், வட்டிகூடக் கேட்கவில்லை. இதற்குப் பெயர் பண்பாடு இல்லையா?

வட்டி கேட்கவில்லையா? பதிலுக்கு எதுவுமே கேட்கவில்லையா? யாருடைய மகனுக்கு வேலை, யாருக்கு ஜாப் ஆர்டர் (கூலிக்குச் செய்துதரும் வேலை), யார் வீட்டுப் பெண்ணைக் கட்டினார்கள்? அப்பா கணக்கு நோட்டு வைத்திருந்தாரா? இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், கரையான் வருவதற்குள். அடுத்த மாதம் நான் திருப்பூர் வருகிறேன்.