பக்கத்துக் கவுன்ட்டி எச்சரிக்கைக்கும் ரேடியோ அலறினால்

எங்கோ தள்ளியிருக்கும் கவுன்ட்டிகளுக்கான (அமெரிக்காவில் மாவட்டம் போன்ற பிரிவு) எச்சரிக்கைக்கும் உங்கள் வானிலை ரேடியோ, அதாவது வானிலை எச்சரிக்கை வந்ததும் தானே ஒலிக்கும் ரேடியோ, நடுராத்திரியில் அலறுகிறது, அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். டொர்னேடோ என்னும் சுழல்காற்று நாம் தூங்கும்போதும் வரும்.

ரேடியோவில் கோளாறு இருக்காது. அநேகமாக 'சேம்' (SAME) குறியீட்டை, அதாவது உங்கள் கவுன்ட்டிக்கான எச்சரிக்கைக்கு மட்டும் ரேடியோவை ஒலிக்க வைக்கும் எண்ணை, பதிவு செய்யாமல் விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஆறு இலக்க எண் உண்டு. டெக்சாஸின் ஹாரிஸ் கவுன்ட்டிக்கு 048201. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் பார்த்துப் பதியுங்கள். அப்புறம் சேனல். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தம் ஏழுதான். சத்தமாகக் கேட்பதை அல்ல, உங்கள் கவுன்ட்டிக்கு ஒலிபரப்பும் சேனலைத் தேர்ந்தெடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

வாராந்திரச் சோதனை பெரும்பாலும் புதன்கிழமை வரும். அதை ரேடியோ பிடித்துவிட்டால், சரி, வேலை செய்கிறது. பேட்டரியும் போட்டு வையுங்கள்.